கேம்ப்புக்கு வாங்கிய பை

ஜூன் 14, வெள்ளி

பார்த்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எல்லாரும் தூங்கிய பிறகு மெழுகுவர்த்தி ஏற்றி எழுதுகிறேன்.

சாயங்காலம் எங்கள் செவலைக் கோழி அடைய வரவில்லை. கக்கூஸ் வரிசைக்குப் பின்னால் மேட்டில் ஏறி, தேயிலைக்குள் குனிந்து தேடினேன். எங்கள் மூன்றாம் நம்பர் லைன் வீடுகளுக்கு நேர் மேலே, இரண்டு செடிகளுக்கு நடுவில் மண் பிளந்திருந்தது. வெயிலில் விடுகிற வெடிப்பு இல்லை. வெயில் அடித்தே பல நாள் ஆகிறது. விரலை விட்டுப் பார்த்தேன். முழு விரலும் போனது, அடி தட்டவில்லை. பிளவு செடிகளுக்கு அடியிலேயே வளைந்து போய், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அத்தையின் கூரைக்கு மேலே வரை தெரிந்தது. கோழி அதன் ஓரத்தில் நின்று புழு கொத்திக்கொண்டிருந்தது.

அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கால் கழுவினார். கதவைச் சாத்தினார். போன வருடம் ஐந்தாம் நம்பர் லைனில் சுவர் விரிந்தபோது அங்கே இருந்தவர்களே எஸ்டேட் ஆபீசில் போய்ச் சொன்னார்கள். ஆபத்தான இடம் என்று ஆபீசிலிருந்து வந்து வீடுகளைப் பூட்டினார்கள். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிப் பழைய ஸ்டோரில் தங்கவைத்தார்கள். அப்புறம் வீடு கிடையாது, கீழே எங்காவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இப்போது அவர்களில் ஒருவர்கூட மலையில் இல்லை.

"வாயத் தொறந்தா வீடு போச்சு," என்றார் அப்பா. "பங்குனியில எனக்கு ரிட்டயர்டு. பணம் கைக்கு வர்ற வரைக்கும் இந்தச் சுவரு நின்னாப் போதும். அப்புறம் மலை எப்படிப் போனா நமக்கென்ன."

ஸ்டெல்லாவிடம் மட்டுமாவது சொல்லலாமா என்று அம்மா கேட்டாள். ஸ்டெல்லாவிடம் சொல்வதும் ஃபேக்டரி சங்கை ஊதுவதும் ஒன்று என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தை சத்தமாகத்தான் பேசுவாள்.

ஜூன் 17, திங்கள்

பின் அறையில் கொசு என்று சொல்லிவிட்டு முன் அறையில் படுக்கிறேன். ஸ்டெல்லா அத்தையின் மகள் பெனிட்டா அவர்கள் வீட்டில் மேட்டை ஒட்டிய பின் அறையில்தான் படுக்கிறாள். அவளுக்குக் கொசு கடிக்காது போல.

ஜூன் 20, வியாழன்

சாப்பிடவே முடியவில்லை. மழைச் சத்தம் கூடினால் தட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். அப்பா கவனித்துவிட்டார். என்ன என்றார். போன வருடம் சாரணியர் முகாமில் டீச்சர் சொன்னதைச் சொன்னேன். மலைப் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரிய பை எப்போதும் தயாராக இருக்க வேண்டும். டார்ச், மருந்து, சான்றிதழ், ஒரு மாற்றுத்துணி, காய்ந்த தீனி. சத்தம் கேட்டால் வேறு எதையும் தேடாமல் அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

நான் கேட்க நினைத்தது பை இல்லை. ஆனால் கேட்கக்கூடியது அதுதான்.

அப்பாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. "பை இருந்தா உனக்குப் பயம் போயிருமா?"

போய்விடும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வாங்கிவிடலாம் என்றார். கஷ்டமான கணக்கைப் போட்டு முடித்துவிட்டவர் மாதிரி இருந்தார்.

ஜூன் 23, ஞாயிறு

நானும் அம்மாவும் டவுனுக்குப் போனோம். மலை ஏற வருகிற டூரிஸ்ட்டுகளுக்குப் பை விற்கிற கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிறது. பெரிய பை, விலை குறைந்ததாக வேண்டும் என்றேன். எத்தனை லிட்டர் என்று கடைக்காரர் கேட்டார்.

அம்மா முழித்தாள். "தண்ணி புடிக்க இல்லங்க. துணிமணி வெக்க."

கடைக்காரர் சிரிக்காமல் விளக்கினார். பைக்கு லிட்டர்தான் அளவாம். ஒரு ஆள் ரெண்டு நாள் தங்க நாற்பது, குடும்பத்துச் சாமான் என்றால் அறுபது, எழுபது. அம்மா நம்பவில்லை. அரிசியையும் லிட்டரில்தான் அளப்பீர்களா என்றாள். நம்ம பாட்டன் காலத்தில் படியில் அளக்கவில்லையா, அது மாதிரிதான் அம்மா என்றார் அவர். அதற்குப் பிறகு அம்மா அவரை மதித்தாள்.

முதலில் காட்டியது நல்ல பை. முதுகுக்குப் பட்டைக் கம்பி, இடுப்பில் பூட்டுகிற அகலப் பெல்ட், அடியில் சுருட்டிவைத்த மழை உறை. காலியாகவே தரையில் நின்றது. அம்மா விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையை மெதுவாக அதன் இடத்திலேயே வைத்தாள், தூங்குகிற பிள்ளையை வைப்பது போல.

டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி மலிவான பைகளை நான் பார்த்தேன். தோள்பட்டை பையோடு சேருகிற இடத்தில் தையலை இரண்டு கையாலும் இழுத்தேன். ஒன்றில் நூல் வாய் பிளந்தது. இன்னொன்றில் ஜிப் பாதியில் மாட்டியது. கறுப்புப் பை ஒன்று தேறியது, ஆனால் சின்னது. கடைசியில் கடைக்கு வெளியே தொங்கிய ஆரஞ்சுப் பையை எடுத்துக் கொடுத்தார். அறுபத்தைந்து லிட்டர். வெயிலில் தொங்கித் தொங்கி ஒரு பக்கம் வெளுத்துவிட்டதால் பாதி விலை. தையல் இரட்டைத் தையல். பெல்ட் இருந்தது. மழை உறை இல்லை. காலியாக வைத்தால் படுத்துக்கொண்டது.

அம்மாவுக்குக் கறுப்பு வேண்டும், சேறு தெரியாது என்று. ஆரஞ்சு என்றால் எங்கே கிடந்தாலும் கண்ணில் படும் என்றேன். எங்கே கிடக்கப் போகிறது என்றாள் அம்மா. ஆரஞ்சையே வாங்கினோம்.

பஸ்ஸில் இறங்கியதும் அம்மா அதைத் தோளில் மாட்டவில்லை. தோள்பட்டைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கொழுந்துக் கூடையின் கயிறு மாதிரி நெற்றியில் கொடுத்து முதுகில் தொங்கவிட்டுக்கொண்டாள். அப்படி மாட்டக் கூடாது என்றேன். "எனக்கு இப்படித்தான் நடக்க வரும்," என்றாள்.

லைன் முனையில் ஸ்டெல்லா அத்தை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்ன பேச்சி, வெளிநாட்டுக்கா?"

"இல்லக்கா, தர்ஷிக்கு ஸ்கூல்ல கேம்ப்," என்றாள் அம்மா.

குழாயடியில் பெனிட்டாவும் இருந்தாள். அவளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே சாரணியர் படை.

ஜூன் 24, திங்கள்

"எந்தக் கேம்ப்டி?" பள்ளிக்கூடம் போகிற வழி முழுக்கப் பெனிட்டா இதையே கேட்டாள்.

மாவட்டக் கேம்ப் என்றேன். எத்தனை பேர் என்றாள். கொஞ்சம் பேர் என்றேன். டீச்சர்தான் ஆள் எடுத்தாரா என்றாள். ஆமாம் என்றேன். டீச்சரிடம் போய்க் கேட்டுவிடப் போகிறாள் என்று பயந்து, டீச்சரிடம் கேட்காதே, வெளியில் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் கேட்கவில்லை. கூடாரம் கட்டுவதில், முடிச்சுப் போடுவதில் என்னைவிட அவள்தான் கெட்டி. போன வருடம் என் கூடாரத்தையும் அவளே கட்டினாள். பிற்பகல் முழுக்க என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 29, சனி

பை தயார். எஸ்டேட்டில் உரம் வருகிற மூட்டைக்குள் கனமான பிளாஸ்டிக் உறை இருக்கும். அம்மா அதைக் கழுவிக் காயவைத்துப் பைக்குள் விரித்துவிட்டாள். கடைக்காரரின் மழை உறையைவிட இது நல்லது. வாடைதான் போகவில்லை. சான்றிதழ்கள், ரேஷன் கார்டு, அப்பாவின் பிரஷர் மாத்திரை, அம்மாவின் கல்யாணச் சேலை, அவல், தீப்பெட்டி, கயிறு. பையின் மேலறையில் புது டார்ச்.

ராத்திரியில் கரண்ட் இருப்பதே இல்லை. மெழுகுவர்த்தியும் தீர்ந்துவிட்டது. டார்ச்சைப் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன். நல்ல வெள்ளை வெளிச்சம். முடித்ததும் பையில் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

ஜூலை 3, புதன்

விரல் போன இடத்தில் இப்போது கை போகிறது.

ஜூலை 7, ஞாயிறு

அப்பா கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டிக் கொண்டுபோய்ப் பிளவுக்குள் திணித்தார். மேலே மண்ணைப் போட்டு மிதித்தார். அதற்கும் மேலே சருகு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்கத்தான் இது என்றார்.

நான் குச்சி எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

பெனிட்டா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் திரும்புவதுகூட இல்லை. காது கேட்காதவள் மாதிரி போகிறாள். ஒரு விதத்தில் நல்லதுதான். கேள்வி வராது.

எழுத நிறைய இருக்கிறது. டார்ச் கொஞ்சம் மஞ்சளாக எரிகிறது.

ஜூலை 12, வெள்ளி

ஜீப்பில் வந்தார்கள். ரெவின்யூ ஆபீசிலிருந்து இரண்டு பேர், எஸ்டேட் ஆபீசிலிருந்து ஒருவர். மழை அதிகம் என்பதால் எல்லா லைனையும் பார்க்கிறார்களாம். அப்பாவே முன்னால் போய் மேட்டைச் சுற்றிக் காட்டினார். அட்டைக்கடி பயத்தில் அவர்கள் செடிகளுக்குள் இறங்கவில்லை. ரெவின்யூ ஆபீசர்களில் வயதானவர் மட்டும் திரும்பி வரும்போது நின்றார். வாசலில் நானும், இரண்டு அடி தள்ளி பெனிட்டாவும் நின்றிருந்தோம்.

"பாப்பா, நீங்கதான் மேல கீழ ஓடித் திரியிறவங்க. பெரியவங்க கண்ணுல படாதது உங்க கண்ணுல படும். மண்ணு எங்கயாச்சும் விரிசல் விட்டிருக்கா?"

பெனிட்டா இல்லை என்றாள். அவளுக்குத் தெரியாது.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அப்பா நின்றார். அப்பா முறைக்கவில்லை. முறைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டு, எஸ்டேட் ஆபீசில் நிற்கிற மாதிரி என் முன்னால் நின்றார்.

"இல்ல சார்."

அவர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். ராத்திரி அம்மா எனக்கு மட்டும் முட்டை பொரித்துக் கொடுத்தாள். செவலைக் கோழியின் முட்டை. சாப்பிட்டேன்.

ஜூலை 13, சனி

சாப்பிட்டிருக்கக் கூடாது.

ஜூலை 16, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசல்படியில் பெனிட்டாவின் சாரணியர் ஸ்கார்ப் மடித்துக் கிடந்தது. ஓரத்தில் சிவப்பு நூலில் 'பெ' என்று அவளே போட்ட எழுத்து. அவள் அவர்கள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு பேசினாள்.

"கேம்ப்புல மாத்திக்க ரெண்டு வேணும்ல. எனக்கெதுக்கு, நான் எங்க போகப் போறேன்."

குத்துவதற்காகத்தான் சொன்னாள். அப்போது சொல்லிவிட நினைத்தேன். வாய் வரை வந்தது. உள்ளேயிருந்து அம்மா இருமினாள். அம்மாவுக்கு இருமல் இல்லை.

ஸ்கார்ப்பைப் பையின் அடியில் வைத்தேன். கேம்ப் என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால் நன்றாக இருக்கும். அவளையும் கூட்டிக்கொண்டு இரண்டு பேரும் போய்விடலாம்.

வெளிச்சம் போதவில்லை. டார்ச்சைத் தட்டித் தட்டி எழுதுகிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

டவுன் பள்ளிக்கூட ஹாலில் இருக்கிறோம். இங்கே விளக்கை அணைப்பதில்லை. பென்சில் இரவல்.

வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் இல்லை. ஸ்டெல்லா அத்தை கீழே கடைக்குப் போயிருந்தாள். அப்பா வாசலில் நின்று மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவர் அதைத்தான் செய்கிறார். மேலே பெரிய துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். அப்பா "எந்திரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்மா முதலில் எடுத்தது பையை. பட்டையை நெற்றியில் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். யாரும் எதையும் தேடவில்லை. டீச்சர் சொன்னபடியே எல்லாம் நடந்தது.

பெனிட்டா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பின் அறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. நான் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன். அவள்தான் என் குரலுக்குத் திரும்புவதில்லையே.

லைன் முனைக்கு வந்ததும் அப்பா எங்களைத் தள்ளிவிட்டு, பையின் மேலறையிலிருந்து டார்ச்சை உருவிக்கொண்டு திரும்பி ஓடினார். பெனிட்டா, பெனிட்டா என்று கத்தினார். சேறு இறங்கிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சம் இல்லை. டார்ச் எரியவில்லை. உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார், எரியவில்லை. கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார். அதற்குள் மேடு முழுதாக வந்தது.

அவளை மறுநாள் எடுத்தார்கள்.

புது டார்ச், மழையில் நனைந்து கெட்டுவிட்டது என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். உர மூட்டை உறைக்குள் தண்ணீர் போகாது. மேலறைக்கு உறை இல்லை. அதனால் நனைந்திருக்கலாம்.

ஜூலை 24, புதன்

பெரிய ஆபீசர் ஹாலுக்கு வந்தார். எல்லாரும் கட்டிய துணியோடு உட்கார்ந்திருக்கும்போது எங்களிடம் மட்டும் சான்றிதழ், மாத்திரை, மாற்றுத்துணி. அவருக்கு ஆச்சரியம். பையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். போட்டோ எடுத்தார்கள். ஏழைக் குடும்பம், குறைந்த விலையில் ஒரு பை, எவ்வளவு முன்னெச்சரிக்கை, எல்லாரும் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். யார் யோசனை என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். சாரணியர் என்றதும் குறிக்கோளைச் சொல்லச் சொன்னார்.

"தயாராயிரு," என்றேன்.

கை தட்டினார்கள். ஹாலின் அந்தக் கோடியில் ஸ்டெல்லா அத்தை சுவரில் சாய்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டவில்லை. ஆபீசர் போன பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னை இல்லை. பையை.

ஜூலை 27, சனி

அத்தை இன்று திருப்பூருக்குப் போகிறாள், அவள் அண்ணன் வீட்டுக்கு. கொண்டுபோக ஒன்றும் இல்லை. யாரோ கொடுத்த இரண்டு சேலையும் ஒரு போர்வையும்தான். அம்மா தானாகவே எங்கள் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் பாயில் கொட்டினாள். வெறும் பையைக் கொண்டுபோய் அத்தை மடியில் வைத்தாள். வைத்துக்கொள் அக்கா, எங்களுக்கு எதற்கு என்றாள்.

அத்தை சேலையை உள்ளே வைக்கக் கையை விட்டாள். அடியில், உர உறையின் மடிப்பில் சிக்கியிருந்த ஸ்கார்ப் கையோடு வந்தது. சிவப்பு நூல் எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"கேம்ப்புக்கு அவள எடுக்கலன்னு எத்தன நாள் அழுதா தெரியுமா. எனக்குக் கூடாரம் கட்டத் தெரியுமேம்மா, அவளுக்குத் தெரியாதேம்மான்னு."

அத்தை தலையைத் தூக்கி ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். வரிசையாகப் பாய், கொடியில் ஈரத்துணி, கதவில் ஒட்டிய காகிதத்தில் நிவாரண முகாம் என்ற எழுத்து. இங்கே சோறு போட வருகிறவர்கள்கூட இந்த இடத்தைக் கேம்ப் என்றுதான் சொல்கிறார்கள்.

"இதான் அந்தக் கேம்ப்பா, தர்ஷி?"

"சின்னப் புள்ளக்கா, அவளுக்கு என்ன தெரியும்," என்றாள் அம்மா.

அத்தை அம்மாவைப் பார்க்கவே இல்லை.

"ஆமா அத்தை," என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"கோழி தேடப் போனேன். அப்பலேர்ந்து."

எந்தக் கோழி, எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. பையிலிருந்து சேலைகளை வெளியே எடுத்தாள். போர்வையில் வைத்து முடிந்தாள். ஸ்கார்ப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, அப்பா உட்கார்ந்திருந்த வாசலைக் கடந்து, பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாள். பை அவள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே படுத்துக் கிடக்கிறது, வெளுத்த பக்கம் மேலே. அதை எடுத்து வைக்க அம்மாவும் போகவில்லை, நானும் போகவில்லை.

இதைப் பகலில்தான் எழுதுகிறேன். எதிரில் அப்பா இருக்கிறார். பார்க்கிறார்.

அப்பா சொன்னது தப்பு. ஸ்டெல்லா அத்தையிடம் சொன்னேன். ஒரு சங்கும் ஊதவில்லை.